குறுகிய பாதைக்கு எந்த வேகன்?

குறுகிய ரயில் பாதை ஒன்று இருக்கிறது. அதன் ஒரு முனை சுரங்கத்திலோ கரும்புக் காட்டிலோ மலை மேலோ இருக்கிறது. மறுமுனை பெரிய ரயிலின் நிலையத்தில் போய் முடிகிறது. இதில் சரக்கு ஓட்ட எந்த மாதிரி வேகன் வாங்குவது?

இந்தக் கேள்விக்கு வெவ்வேறு நாட்டுப் பொறியாளர்கள் ஐந்தாறு பதில்களைச் செய்தே பார்த்துவிட்டார்கள். குட்டி இரண்டச்சு வண்டி, நீளமான போகி வேகன் (தனியே திரும்பும் இரண்டச்சுச் சட்டம் முனைக்கு ஒன்றாகத் தாங்குவது), பெரிய வேகனையே முதுகில் சுமக்கும் வண்டி, சக்கரத்தை மட்டும் மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு, கன்டெய்னர், எல்லாவற்றுக்கும் கடைசியாகப் பாதையையே அகலப்படுத்துவது. பாதையின் அகலத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் போனால் காசு வீணாகும் என்பது என் கட்சி. தண்டவாளம் ஓர் அச்சுக்கு எத்தனை டன் தாங்கும்? சரக்கு எந்த இடத்தில் எப்படியும் கைமாறித்தான் ஆக வேண்டும்? இந்த இரண்டையும் முதலில் கேட்டுவிட்டால் வேகன் பாதி முடிவாகிவிடும்.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். கேஜ் என்றால் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே உள்ள அகலம். உலகம் ஸ்டாண்டர்டு கேஜ் என்று சொல்வது 1,435 மி.மீ. இந்திய ரயில்வேயின் அகலப் பாதை அதையும் தாண்டி 1,676 மி.மீ. நம் ஊரில் ஸ்டாண்டர்டு கேஜைப் பார்க்க வேண்டுமானால் சென்னை மெட்ரோவுக்குத்தான் போக வேண்டும். 1,435க்குக் கீழே உள்ளதெல்லாம் குறுகிய பாதை என்று ஒரே பெயரில் அடங்கிவிடுகிறது. ஆனால் அந்தப் பெயருக்குள் 1,067 மி.மீ. தென்னாப்பிரிக்கப் பாதையும் இருக்கிறது, மீட்டர் கேஜும் இருக்கிறது, அமெரிக்காவில் கொலராடோவின் 914 மி.மீ. பாதையும் ஜெர்மனியில் சாக்சனி மாநிலத்தின் 750 மி.மீ. பாதையும் தோட்டங்களில் ஓடும் 600 மி.மீ. பாதையும் இருக்கின்றன. மேலேயிருந்து கீழே வரை ஒரே விதி இவற்றுக்குப் பொருந்தாது.

வேகனில் என்னதான் மாறுகிறது

குறுகிய பாதை வேகன் என்றால் பெரிய வேகனை அப்படியே சுருக்கியது என்று பலர் நினைக்கிறார்கள். பாதை பாதியாகிறது என்பதற்காக வேகன் பாதியாவதில்லை. சில விஷயங்கள் கொஞ்சம்தான் சுருங்குகின்றன. சில தலைகீழாகவே மாறிவிடுகின்றன.

வளைவில் தொடங்கலாம். ரயில் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பொருத்தப்பட்டவை, தனித்தனியாகச் சுழலாது. வளைவில் வெளித் தண்டவாளம் நீளம், உள் தண்டவாளம் குட்டை. செங்கோணமாகத் திரும்பும் ஒரு வளைவை எடுத்துக்கொண்டால், 1,435 மி.மீ. பாதையில் வெளிச் சக்கரம் உள் சக்கரத்தைவிடச் சுமார் 225 செ.மீ. கூடுதலாக ஓட வேண்டும். 750 மி.மீ. பாதையில் அந்த வித்தியாசம் 118 செ.மீ.தான். வளைவின் ஆரம் என்னவாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. சக்கரம் தண்டவாளத்தில் உருளும் பரப்பின் சரிவு இந்த வித்தியாசத்தை ஓரளவு ஈடுகட்டும், மிச்சம் வழுக்கலாகவும் தேய்மானமாகவும் போகும். சாக்சனியின் 750 மி.மீ. பாதைகளில் 50 மீட்டர் ஆரம் வரை வளைவு போட்டு ஆற்றங்கரையை ஒட்டியே பாதையைக் கொண்டுபோக முடிந்தது. ஸ்டாண்டர்டு கேஜ் போட்டிருந்தால் அதே பள்ளத்தாக்கில் பாலமும் சுரங்கமும் வெட்டாமல் தீர்ந்திருக்காது.

அடுத்தது வேகனின் அகலம். வேகன் எப்போதுமே பாதையைவிட அகலமாகத்தான் இருக்கும், எவ்வளவு மடங்கு என்பதுதான் கேள்வி. ஐரோப்பாவின் பெரிய வேகன் ஏறக்குறைய 3 மீட்டர் அகலம், அதாவது பாதையைப் போல இரண்டு மடங்குக்குச் சற்று மேல். மகாராஷ்டிரத்தில் ஓடிய பார்சி லைட் ரயில்வேயின் வேகன் 7 அடி அகலம், பாதையோ இரண்டரை அடி. கிட்டத்தட்ட 2.8 மடங்கு. பாதை குறுகக் குறுக, வேகன் அதற்கு வெளியே அதிகமாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. ஆகவே பளுவைத் தாழ வைக்க வேண்டும், ஒரு பக்கமாக ஏற்றக் கூடாது, வேகத்தையும் கட்டுப்படுத்த வேண்டும். பெரிய ரயிலில் பளு கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஏறினால் மேஸ்திரி திட்டுவார். 600 மி.மீ. பாதையில் வண்டியே கவிழ்ந்துவிடும்.

பளுவைத் தாழ வைக்கச் சக்கரத்தைச் சின்னதாக்கினார்கள். அதற்கும் விலை உண்டு. சின்னச் சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் பரப்பு குறைவு, அந்த இடத்தில் அழுத்தம் அதிகம். அதே வேகத்துக்கு அதிகச் சுற்று சுற்ற வேண்டும், பேரிங் சீக்கிரம் சூடாகும். சக்கரத்தைச் சிறிதாக்கிக்கொண்டே போனால், தண்டவாளம் தாங்கினாலும் ஒரு கட்டத்துக்கு மேல் சக்கரம் தாங்காது.

இணைப்பிலும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஐரோப்பிய ஸ்டாண்டர்டு கேஜ் வேகனின் நெற்றியில் இரண்டு பக்கமும் பஃபர் (மோதலைத் தாங்கும் குமிழ்), நடுவில் கொக்கியும் திருகும். நம் பழைய அகலப் பாதை வேகன்களும் அப்படித்தான் இருந்தன. கூர்மையான வளைவில் இந்தப் பக்கப் பஃபர்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி மாட்டிக்கொள்ளும். அதனால் குறுகிய பாதைக்காரர்கள் ஆரம்பத்திலிருந்தே நடுவில் ஒரே பஃபர் வைத்து, அதிலேயே இணைப்பையும் சேர்த்துவிட்டார்கள். பிரேக்கும் பெரும்பாலும் எளிமையானது: கைப்பிரேக், அல்லது குழாயில் காற்றை உறிஞ்சி இயக்கும் வேக்குவம் பிரேக். சாக்சனியில் வெகுகாலம் ஹேபர்லைன் பிரேக் இருந்தது. இன்ஜினிலிருந்து கடைசி வண்டி வரை பெட்டிகளின் கூரை மேலாக ஒரு கயிறு ஓடும். கயிறு இறுக்கமாக இருக்கும்வரை பிரேக் விலகியிருக்கும். தளர்ந்தால் பிரேக் பிடிக்கும், ரயில் நடுவில் அறுந்தாலும் தானாகப் பிடித்துக்கொள்ளும். பழசாகத் தெரிந்தாலும் கெட்டிக்கார ஏற்பாடு. ஆனால் சரக்கு வண்டிகளைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் அந்தக் கயிற்றையும் கட்டி அவிழ்க்க வேண்டும்.

குட்டி வண்டி

இரண்டு அச்சு, ஒரு தொட்டி, அவ்வளவுதான். வேல்ஸ் நாட்டின் ஃபெஸ்டினியாக் ரயில்வே 1836இல் இப்படித்தான் தொடங்கியது. பாதை இரண்டடிக்கும் கொஞ்சம் குறைவு. மலை மேலே பிளைனாவில் சிலேட்டுக் கல் வெட்டி, கீழே போர்ட்மடாக் துறைமுகத்தில் கப்பலேற்ற வேண்டும். பாதை முழுக்க ஒரே சீராக இறங்குகிறபடி போட்டதால் ஏற்றிய வண்டிகளுக்கு இன்ஜினே தேவைப்படவில்லை, தானாக உருண்டு இறங்கின. 80க்கும் மேற்பட்ட சிலேட்டு வண்டிகள் சேர்ந்த ரயிலில் பிரேக்காரர்கள் சிலர் வண்டிக்கு வண்டி தாவிக் கைப்பிடியை இறுக்கியும் தளர்த்தியும் வேகத்தை அடக்குவார்கள். ஆரம்ப நாட்களில் குதிரைகளும் அதே ரயிலில் ஒரு வண்டியில் நின்றபடி இறங்கி வரும், காலி வண்டிகளை மேலே இழுப்பது அவற்றின் வேலை. 1863இல் நீராவி இன்ஜின் வந்தது. அதற்குப் பிறகும் இறங்குமுகம் உருண்டுகொண்டுதான் இருந்தது, 1939 வரைக்கும்.

2 டன் சிலேட்டு பிடிக்கும் வண்டியின் சொந்த எடை ஒரு டன்னுக்கும் குறைவு. குறுகிய பாதையின் ஆதரவாளர்கள் 1870 வாக்கில் உலகம் முழுக்கப் பிரசாரம் செய்தது இந்தக் கணக்கைக் காட்டித்தான். பிரிட்டிஷ் பொறியாளர் ராபர்ட் ஃபேர்லி அதில் முதன்மையானவர். பெரிய ரயில் சுமப்பதில் பாதி அதன் சொந்த இரும்பு, நம் வண்டி சுமப்பது சரக்கு என்பது அவர்கள் வாதம். அந்தக் காலத்துப் பெரிய வேகன்கள் பல நேரம் அரைகுறையாகத்தான் நிரம்பி ஓடின என்பதால் வாதம் எடுபட்டது. ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. சிலேட்டு மாதிரி கனமான சரக்குக்குத்தான் அந்தக் கணக்கு நிற்கும். வைக்கோல், பஞ்சு, மூட்டை என்று வந்தால் குட்டி வண்டியின் கொள்ளளவு போதாது. நூறு வண்டி என்றால் நூறு இணைப்பு, இருநூறு அச்சு, எண்ணெய் போட வேண்டிய நானூறு இடம்.

இன்றைக்கும் குட்டி வண்டிதான் சரி என்று சொல்லக்கூடிய இடம் ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தின் கரும்புப் பாதைகள். 610 மி.மீ. பாதை, எல்லா ஆலைகளுடையதும் சேர்த்தால் சுமார் 4,000 கி.மீ. வரும். வலைக்கம்பி அடித்த தொட்டிகளில் 4 டன், 6 டன் என்று கரும்புத் துண்டு ஏறும், பெரிய போகித் தொட்டிகளில் 10 டன்னுக்கு மேலும் பிடிக்கும். தொட்டிகளில் பிரேக் கிடையாது! ரயிலின் வாலில் கனமான பிரேக் வண்டி ஒன்றை மாட்டி, டிரைவர் அதை ரேடியோ மூலம் இயக்குகிறார். ஆயிரக்கணக்கான தொட்டிகளுக்குப் பிரேக் போடும் செலவு மிச்சம். வருடத்தில் சில மாதம் மட்டுமே ஓடி, மிச்ச மாதமெல்லாம் வெயிலிலும் மழையிலும் நிற்கும் வண்டிக்கு அதற்கு மேல் செலவழிப்பது வீண்தான்.

கரும்பு ஆலை வாசலோடு முடிந்துவிடுகிறது என்பதையும் கவனியுங்கள். அங்கே தொட்டியைக் கவிழ்த்துத்தான் ஆக வேண்டும், எந்தக் கேஜாக இருந்தாலும். ஆலையிலிருந்து வெளியே போவது வேறு சரக்கு, அதற்கு வேறு வண்டி. ஃபெஸ்டினியாக்கிலும் அப்படியே, துறைமுகத்தில் சிலேட்டைக் கப்பலுக்கு மாற்றாமல் தீராது. இந்த மாதிரி இடங்களில் இரண்டு கேஜ் சந்திப்பதால் வரும் கூடுதல் செலவு பூஜ்யம்.

பார்சிக் கணக்கு

எவரார்டு கால்த்ராப் என்ற பிரிட்டிஷ் பொறியாளரை ரயில் ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள். விமானிகளுக்கான பாராசூட் செய்தவர் என்ற பெயரும் அவருக்கு உண்டு, அந்தக் கதை நமக்கு இங்கே வேண்டாம். 1897இல் திறந்த பார்சி லைட் ரயில்வேயில் அவர் செய்தது, என்னைக் கேட்டால், குறுகிய பாதை வேகன் வடிவமைப்பில் மிகத் தெளிவான யோசனை.

பாதை 762 மி.மீ., தண்டவாளம் கஜத்துக்கு 30 பவுண்டு எடையுள்ள மெலிந்த தண்டவாளம். அது ஓர் அச்சுக்கு 5 டன் தாங்கும். அக்காலத்தில் வழக்கம் என்னவென்றால், இன்ஜினின் அச்சுகள் அந்த வரம்பைத் தொடும், வேகன்களின் அச்சுகள் அதில் பாதியைக்கூடத் தொடாது. பாதையைப் பலமாகப் போட்ட காசு முழுக்க ஒரே ஒரு இன்ஜினுக்காகச் செலவாகும். கால்த்ராப் இதைத் திருப்பிப் போட்டார். இன்ஜினுக்கு அச்சுகளைக் கூட்டி அதன் பளுவைப் பரப்பினார். வேகனை நீளமாக்கி, நான்கு அச்சுள்ள போகி வேகனாக்கி, அதே 5 டன் வரம்பு வரைக்கும் ஏற்றினார். நான்கு அச்சுக்கு 20 டன். அழுத்தி வளைத்த எஃகுத் தகட்டில் அடிச்சட்டம் செய்ததால் வண்டியின் சொந்த எடை குறைந்தது, மிச்சமெல்லாம் சரக்கு. திறந்த வேகன், மூடிய வேகன் எல்லாவற்றுக்கும் 25 அடி நீளத்தில் ஒரே அடிச்சட்டம். ஒன்றின் உதிரிப் பாகம் இன்னொன்றுக்குப் பொருந்தும்.

இரண்டரை அடிப் பாதையில் ஓடிய அந்த வேகன், அன்றைய பிரிட்டனின் ஸ்டாண்டர்டு கேஜில் ஓடிய சாதாரண 8 டன், 10 டன் நிலக்கரி வேகனைவிட அதிகச் சரக்கு ஏற்றியது. அதனால்தான் அகலத்தைப் பார்த்து வேகனை எடைபோட வேண்டாம் என்கிறேன்.

போகி எதற்கு? நீளமான வேகனை இரண்டே அச்சில் நிறுத்தினால் அச்சுகளுக்கு நடுவே தூரம் அதிகமாகி வளைவில் சக்கரம் தண்டவாளத்தை அறுக்கும். போகியில் இரண்டு அச்சு நெருக்கமாக நின்று தனியே திரும்பிக்கொள்ளும். ஐரோப்பாவின் பெரிய ரயில்கள் இரண்டச்சு வேகனை 20ஆம் நூற்றாண்டு நெடுகிலும் விடாமல் வைத்திருந்தன, அவற்றின் வளைவுகள் அகலமானவை. போகிச் சரக்கு வேகனின் அவசியத்தைக் குறுகிய பாதை நன்றாக உணர்ந்ததற்கு அதன் நெளிவுகள்தான் காரணம். கொலராடோவின் டென்வர் அண்டு ரியோ கிராண்டு 914 மி.மீ. பாதையிலும் இதே கதை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே 30 அடி நீள மர பாக்ஸ் வேகன்கள் 25 டன் பிடித்தன.

அச்சுச் சுமையை முழுக்கப் பயன்படுத்தும் போகி வேகன், சரக்கு பாதைக்குள்ளேயே தொடங்கி அங்கேயே முடியும் இடத்துக்கும், முனையில் எப்படியும் இறக்கி ஏற்ற வேண்டிய இடத்துக்கும் ஏற்றது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஈஸ்ட் பிராடு டாப் என்ற 914 மி.மீ. நிலக்கரிப் பாதை இதற்குப் பாடப்புத்தக உதாரணம். 1913இலிருந்தே அடிப்பக்கம் திறந்து சரக்கைக் கொட்டும் முழு எஃகு ஹாப்பர் வேகன்கள் வைத்திருந்தார்கள். மவுன்ட் யூனியன் ஊரில் பெரிய ரயிலைச் சந்திக்கும் இடத்திலேயே நிலக்கரியைக் கழுவிப் பிரிக்கும் ஆலை. குறுகிய வேகன் ஆலைக்குள் கொட்டும், கழுவின நிலக்கரி மறுபக்கம் பெரிய வேகனில் விழும். கேஜ் மாறுவது யாருக்கும் உறைக்கவே இல்லை.

பெரிய வேகனை முதுகில் ஏற்றுவது

ஆனால் அந்தப் பாதைக்கே நிலக்கரி அல்லாத சரக்கும் வந்தது. பெரிய ரயிலில் வந்த வேகன் இறக்காமல் உள்ளே போக வேண்டும். 1930களில் மவுன்ட் யூனியனில் மரம் தூக்க வைத்திருந்த கிரேனாலேயே பெரிய வேகனைத் தூக்கி, அதன் போகிகளை உருட்டி வெளியே எடுத்து, கீழே குறுகிய பாதைப் போகிகளைத் தள்ளி, வேகனை இறக்கி வைத்தார்கள். அமெரிக்க வேகன்கள் போகி வேகன்கள், உடல் போகியின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும் என்பதால் இது முடிந்தது. நாளுக்குச் சில வேகன் என்றால் சரி. அதற்கு மேல் போனால் கிரேனே முட்டுக்கட்டை.

சாக்சனிக்காரர்களுக்கு நிலைமை வேறு. நூற்றுக்கணக்கான சிறு தொழிற்சாலைகள் பள்ளத்தாக்குகளில் இருந்தன, எல்லாவற்றுக்கும் நிலக்கரியும் மூலப்பொருளும் பெரிய வேகனில் வந்தன. ஜங்ஷனில் ஆட்களை வைத்து மண்வெட்டியால் மாற்றிக்கொண்டிருந்தார்கள். 1900க்குப் பிறகு அங்கே ரோல்போக் வந்தது, அதன் பின் ரோல்வேகன்.

ரோல்போக் என்பது குட்டி இரண்டச்சுத் தள்ளுவண்டி, பெரிய வேகனின் ஒவ்வொரு அச்சுக்கும் ஒன்று. ஜங்ஷனில் ஒரு நீளக் குழி. மேலே 1,435 மி.மீ. தண்டவாளம், அதற்கு நடுவே குழிக்குள் 750 மி.மீ. தண்டவாளம், அதில் ரோல்போக்குகள் வரிசையாக நிற்கும். பெரிய வேகனை மெதுவாகக் குழியின் மேல் தள்ளுவார்கள். ஆட்கள் ரோல்போக்கை நகர்த்தி அச்சுக்கு நேர் கீழே நிறுத்தி, அதன் கவைகளை நிமிர்த்தி அச்சைப் பிடிக்கச் செய்வார்கள். குழியின் கீழ்த் தண்டவாளம் மெல்ல மேலேறும். கொஞ்ச தூரத்தில் பெரிய வேகனின் சக்கரங்கள் மேல் தண்டவாளத்தை விட்டுக் கிளம்பிக் காற்றில் தொங்கும், மொத்தப் பளுவும் ரோல்போக்கின் மேல் வந்துவிடும். மலிவானது, சொந்த எடை குறைவு. ஆனால் பழைய ரோல்போக்குகளுக்குத் தொடர் பிரேக், அதாவது ரயில் முழுக்க ஒரே சமயத்தில் பிடிக்கும் பிரேக், கிடையாது. இறக்கத்தில் அது ஆபத்து.

ரோல்வேகன் என்பது தாழ்வான, நீளமான போகி வண்டி. அதன் இரு ஓரங்களிலும் 1,435 மி.மீ. இடைவெளியில் தண்டவாளம் பதித்திருக்கும். சாய்வுமேடையிலிருந்து பெரிய வேகனை நேராக உருட்டி ஏற்றி, சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து விட்டால் முடிந்தது. இதற்குப் பிரேக் போடலாம், வேகமும் கொஞ்சம் கூடும். பெரிய வேகன் இரு பக்கமும் நீண்டு நிற்பதால் அடுத்தடுத்த ரோல்வேகன்களை நேராக இணைக்க முடியாது. ஆள் உயரத்துக்கும் நீளமான இரும்புக் கம்பத்தை இடையில் மாட்ட வேண்டும். பனிக்காலத்தில் அந்தக் கம்பத்தைத் தூக்கி மாட்டுகிறவருக்கு இந்தத் தொழில்நுட்பத்தின் மேல் என்ன மரியாதை இருந்திருக்கும் என்று யோசிக்கிறேன்.

இரண்டுக்கும் பொதுவான குறை எடை. ஒரு கணக்குக்காக, 20 டன் சரக்கு, 11 டன் வேகன், அதைச் சுமக்கும் வண்டி 8 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் இழுப்பதில் பாதிதான் சரக்கு. ஃபேர்லி பிரசாரம் செய்த ஆதாயம் மொத்தமும் இங்கே போயே போய்விட்டது. அடுத்த குறை உயரம். பெரிய வேகன் தன் இயல்பான உயரத்துக்கும் மேலே ஒரு படி ஏறி நிற்கும், அந்த உருவம் நுழையப் பாலமும் சுரங்கமும் இடம் கொடுக்க வேண்டும். இங்கிலாந்தின் லீக் அண்டு மேனிஃபோல்டு பாதை 1904இல் திறந்தபோது, இதையும் கால்த்ராப்தான் வடிவமைத்தார், ஸ்வெய்ன்ஸ்லி சுரங்கத்தை வண்டி மேல் ஏறிய பெரிய வேகன் போகிற அளவுக்கு வெட்டினார்கள். குறுகிய பாதையின் மலிவு எங்கே போயிற்று? அந்த லைன் நம்பியிருந்த சரக்கு பால், அது பெரிய வேகனிலேயே நகரத்துக்குப் போனது. எக்டனில் இருந்த பாலகம் மூடியதும் லைனுக்கு வேலை இல்லாமல் போய், 1934இல் மூடிவிட்டார்கள். ஒரே சரக்கை நம்பிய பாதைக்கு எந்த வேகனும் கைகொடுக்காது, அது வேறு விஷயம்.

ரோல்போக்கை வாங்கச் சொல்வேனா? ஒரே ஒரு நிலையில் சொல்வேன்: பாதையில் பாலமும் சுரங்கமும் அதிகமில்லை, தூரம் சில பத்து கிலோமீட்டர்தான், சரக்கு முழு வேகன் கணக்கில் நேராக வாடிக்கையாளரின் வாசலுக்குப் போக வேண்டும். சுவிட்சர்லாந்தில் வெவே முறை என்று ஒன்று இருக்கிறது. குழியின் மேல் வேகன் உருளும்போது ரோல்போக்கின் கவைகள் தாமாகவே அச்சைப் பிடித்துக்கொள்ளும், ஆள் இறங்க வேண்டியதில்லை. அதனால்தான் அங்கே சில மீட்டர் கேஜ் பாதைகளில் இந்த ஏற்பாடு பிழைத்தது.

கன்டெய்னரும் மூன்றாவது தண்டவாளமும்

இன்று புதிதாக யோசிக்கிறவருக்குக் கன்டெய்னர்தான் முதல் பதில். இதில் விளக்க அதிகம் இல்லை. பெட்டி கைமாறும், சரக்கு கைமாறாது. சக்கரமும் பிரேக்கும் இணைப்பும் அந்தந்தப் பாதையோடு நின்றுவிடும். சுவிட்சர்லாந்தின் ரேட்டியன் ரயில்வே ஆல்ப்ஸ் மலையின் மீட்டர் கேஜில் மளிகைச் சாமான் முதல் எல்லாம் இப்படித்தான் ஏற்றிச் செல்கிறது. வேகன் வெறும் தட்டையான சட்டம், அதிலும் எடை மிச்சம். உயரம் மட்டும்தான் இடிக்கும்: நீங்கள் வைத்திருக்கும் சுரங்கத்துக்குள் எட்டரை அடிப் பெட்டி நுழையுமா என்று அளந்துவிட்டு வாங்குங்கள்.

தொழிற்சாலை ஜங்ஷனுக்குப் பக்கத்திலேயே இருந்தால் வேகனைப் பற்றியே யோசிக்க வேண்டாம், மூன்றாவது தண்டவாளம் போதும். அதே ரேட்டியன் ரயில்வே கூர் நகரத்திலிருந்து டோமாட் எம்ஸ் வரை மூன்று தண்டவாளம் போட்டு, பெரிய வேகன்களை எம்ஸின் ரசாயன ஆலைக்கே அனுப்புகிறது. கொலராடோவில் அலமோசாவுக்கும் அன்டோனிட்டோவுக்கும் நடுவே இதே ஏற்பாடு இருந்தது. குறுகிய இன்ஜினின் இணைப்பும் பெரிய வேகனின் இணைப்பும் ஒரே கோட்டில் வராது என்பதால், இரண்டு கேஜுக்கும் இணைப்பு பொருத்திய ஒரு தட்டை வண்டியை நடுவில் மாட்டி ஓட்டினார்கள்.

அகலப்படுத்தலாமா

இந்தியாவில் 1992இல் தொடங்கிய ஒரே கேஜ் திட்டம் இந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொன்னது. தமிழ்நாட்டின் தென்பாதியில் பெரும்பகுதி மீட்டர் கேஜாக இருந்ததை நாம் அறிவோம். அகலப் பாதையிலிருந்து வந்த மூட்டைகளை யார்டில் ஆட்கள் முதுகில் சுமந்து மாற்றிய காலம் அது. ஒரு நாடு முழுக்க விரவிக் கிடக்கும், எந்தச் சரக்கும் எங்கும் போகக்கூடிய வலைப்பின்னலுக்கு அந்த முடிவு சரி. கேஜ் சந்திக்கும் இடங்கள் அத்தனை இருக்கும்போது ரோல்போக்கோ கிரேனோ கட்டுப்படியாகாது.

ஆனால் "மீட்டர் கேஜ் பலவீனமானது, அதனால் மாற்றினார்கள்" என்று ஒருவர் சொன்னால் இந்தப் பட்டியலைக் காட்டுவேன்.

| பாதை | கேஜ் (மி.மீ.) | அச்சுச் சுமை (டன்) |
|---|---|---|
| பார்சி, 1897 | 762 | 5 |
| ஐரோப்பிய முக்கியப் பாதைகள் | 1,435 | 22.5 |
| இந்தியா, பாக்ஸ்-என்-எச்எல் வேகன் | 1,676 | 22.9 |
| ரிச்சர்ட்ஸ் பே நிலக்கரிப் பாதை, தென்னாப்பிரிக்கா | 1,067 | 26 |
| குயின்ஸ்லாந்து நிலக்கரிப் பாதைகள் | 1,067 | 26.5 |
| சிஷென் – சல்டானா இரும்புத்தாதுப் பாதை, தென்னாப்பிரிக்கா | 1,067 | 30 |
| அமெரிக்கச் சரக்குப் பாதைகள் | 1,435 | சுமார் 32 |

நிலக்கரி ஏற்றும் நம் பாக்ஸ்-என்-எச்எல் திறந்த வேகனின் சொந்த எடை 20.6 டன், சரக்கு 71 டன். ரிச்சர்ட்ஸ் பேயின் நிலக்கரி வேகனோ 20 டன் எடையில் 84 டன் ஏற்றுகிறது, அதுவும் 200 வேகன் கொண்ட ரயிலில், நம் பாதையைவிட 60 செ.மீ. குறுகிய பாதையில். அங்கே கேஜை விட்டுவிட்டுத் தண்டவாளம், ஸ்லீப்பர், ஜல்லி, பாலம் எல்லாவற்றையும் பலப்படுத்தினார்கள். வேகன் உருவ வரம்பும் தாராளம்: 10 அடி அகலம் வரை அனுமதி, ஸ்டாண்டர்டு கேஜ் ஓடும் பிரிட்டனின் 9 அடியைவிட அதிகம்.

வேகன் பக்கத்திலும் ஒரு கண்டுபிடிப்பு கைகொடுத்தது. ஹெர்பர்ட் ஷெஃபல் என்ற தென்னாப்பிரிக்கப் பொறியாளர் 1970களில் போகியின் இரண்டு அச்சுகளையும் குறுக்கு மறுக்காகக் கம்பிகளால் பிணைத்தார். வளைவில் ஓர் அச்சு திரும்பினால் மற்றது எதிர்ப்பக்கம் திரும்பி, இரண்டும் வளைவின் மையத்தை நோக்கி நிற்கும். சக்கர விளிம்பு தண்டவாளத்தில் உரசுவது குறைந்து சக்கரத்தின் ஆயுள் பல மடங்கு கூடியது. 1976இல் திறந்த 861 கி.மீ. நீளச் சிஷென் – சல்டானா பாதையில் தாது வேகன்கள் ஓடுவது இந்தப் போகியில்தான். சுரங்கத்தில் ஏற்றினால் துறைமுகத்தில் கவிழ்ப்பது, நடுவில் எந்தப் பாதையோடும் கொடுக்கல் வாங்கல் இல்லை. அங்கே போய் ஸ்டாண்டர்டு கேஜ் போடச் சொல்வதில் ஒரு ரூபாய் லாபமும் இல்லை.

உச்சவரம்பு என்று பார்த்தால் ஸ்டாண்டர்டு கேஜுக்குத்தான் கூடுதல். மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பராவில் தாது ரயில்கள் அச்சுக்குச் சுமார் 40 டன் வரை போகின்றன. 1,067இல் அதைத் தொட்டவர்கள் இல்லை. ஆனால் அந்த உயரத்தில் முடிவெடுக்க வேண்டியவர்கள் உலகத்தில் ஒரு சிலர்தான்.

மற்றவர்களுக்கு என் சிபாரிசு இப்படிப் போகும். ஆலைக்கோ கழுவும் கூடத்துக்கோ துறைமுகத்துக்கோ ஒரே சரக்கைக் கொண்டுபோகும் பாதையா? குறுகிய பாதைக்கென்றே செய்த வேகன் வாங்குங்கள். பருவகாலச் சரக்கானால் மலிவான குட்டித் தொட்டி, வருடம் முழுக்க என்றால் போகி வேகன், அதையும் அச்சு வரம்பின் விளிம்பு வரை ஏற்றும்படி வடிவமைத்தது. பலசரக்கும் பல வாடிக்கையாளர்களுமா? கன்டெய்னர். பெரிய வேகன் உள்ளே வந்தே தீர வேண்டுமென்றால், ஜங்ஷனிலிருந்து கூப்பிடு தூரமானால் மூன்றாவது தண்டவாளம், அதைத் தாண்டினால் ரோல்வேகன். இவை எதுவும் பொருந்தாமல், நாளுக்கு நாள் ஜங்ஷனில் வேகன்கள் தேங்கிக்கொண்டே போனால், அப்போது அகலப்படுத்தும் மதிப்பீட்டைக் கேளுங்கள்.

பழைய வேகன் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 750, 760, 762 மூன்றும் ஒன்றுதான் என்று விற்கிறவர் சொல்வார். 12 மி.மீ. வித்தியாசத்தைச் சக்கரத்தை அச்சில் கொஞ்சம் நகர்த்திச் சரிசெய்ய முடியும்தான். இணைப்பின் உயரமும் பிரேக் வகையும் அப்படிச் சரிவராது. தண்டவாள மட்டத்திலிருந்து நடுப் பஃபர் எத்தனை மி.மீ. உயரத்தில் இருக்கிறது, வேக்குவம் பிரேக்கா காற்றுப் பிரேக்கா, சக்கர விளிம்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்ற மூன்றையும் நேரில் அளந்து எழுதி வாங்கிய பிறகு முன்பணம் கொடுங்கள்.